ஊழியத்தில் என் பங்கு எது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்ட பிறகு ஆற அமர வாசியுங்கள்.

போன வாரம் ஒரு நாள் இரவு 11 மணிக்கு என் போனில் ஒரு செய்தி வந்தது. என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பையன். பையன் என்கிறேன், அவனுக்கே இப்போது இரண்டு பிள்ளைகள். பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறான். அங்கே சபையில் வாலிபர் கூட்டங்களில் பேசுகிறான், நன்றாகவே பேசுகிறான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவன் எழுதியிருந்தது இதுதான்:

"சார், வேலையை விட்டுட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்துரலாம்னு இருக்கேன். உனக்கு அழைப்பு இருக்குன்னு சபையில எல்லாரும் சொல்றாங்க. வீட்டுல அவ பயப்படுறா. கர்த்தர் எனக்கு வச்சிருக்கிற பங்கு இதுதானான்னு எப்படி சார் தெரிஞ்சுக்கிறது? நீங்க எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க?"

'ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் தம்பி' என்று ஒரு வரி போட்டுவிட்டு நான்கு நாள் சும்மா இருந்தேன். முதல் கேள்வி மட்டும் என்றால் வேத வசனங்களோடு ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருப்பேன். இரண்டாவது கேள்விதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அதற்கு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் யாருக்கும் தெரியாமல் அம்மா காத்து வைத்திருந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மனைவிக்கு மட்டும் தெரியும். யோசித்துப் பார்த்தேன். அம்மா போய் 25 வருடம் ஆகிறது. இதைக் கேட்டு ஒரு பிள்ளைக்கு வழி தெரியுமென்றால் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். அந்தத் தம்பியிடமும் கேட்டுக்கொண்டுதான் எல்லோருக்கும் பொதுவாக இங்கே எழுதுகிறேன்.

நான் பொருத்தனைப் பிள்ளை. எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பேரும் தங்கவில்லை. எங்கள் ஊர் தேரிக்காட்டு ஓரம். அய்யா பனையேறி. அம்மா விடிலியில் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவாள். பனை சீசன் முடிந்தால் ஓலைப்பெட்டி முடைவாள். நான் வயிற்றில் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் போனபின், அம்மா கோயில் படியில் முழங்கால் போட்டு, இந்தப் பிள்ளையை உயிரோடு தந்தால் உமக்கே ஐயராகத் தந்துவிடுகிறேன் என்று பொருத்தனை பண்ணியிருக்கிறாள். (வெளியூர் நண்பர்களுக்கு: எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.)

அவளுக்கு அந்த நினைப்பு வர ஒரு காரணமும் உண்டு. எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் வெள்ளாளன்விளை. 1874-இல் வேதநாயகம் சாமுவேல் அசரியா பிறந்த ஊர். ஒரு மகனுக்காகப் பல ஆண்டுகள் ஜெபித்த தாய்க்குப் பிறந்து, அதனாலேயே சாமுவேல் என்று பேர் பெற்றவர். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையில் இந்தியரில் முதல் பேராயர் ஆனவர். அன்னாள் கதையையும் அசரியா கதையையும் பெண்கள் கூட்டத்தில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் அம்மா. நான் வெள்ளை அங்கியோடு பிரசங்கபீடத்தில் நிற்பதை அவள் நான் பிறப்பதற்கு முன்பே பார்த்துவிட்டாள். சின்ன வயதில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதைவிட 'சின்ன ஐயரே' என்று கூப்பிட்டதுதான் அதிகம். "சின்ன ஐயரே, காப்பி ஆறுது, குடியும்" என்பாள். பக்கத்து வீட்டு அக்காமார் சிரிப்பார்கள்.

இனி அவள் காத்து வைத்திருந்த விஷயம். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது.

ஊரில் யாருக்கும் அது தெரியாது. கோயிலில் வேதபுத்தகத்தை மடியில் விரித்து வைத்திருப்பாள். பக்கத்தில் இருப்பவர் தாளைத் திருப்பினால் ஒரு நொடி கழித்து இவளும் திருப்புவாள். கேட்டுக் கேட்டுச் சங்கீதங்கள் பல மனப்பாடம் என்பதால் உதடு சரியாக அசையும். எனக்கு எட்டு வயதில் ஒரு நாள் அவள் மடியை எட்டிப் பார்த்தேன். ஐயர் வாசித்துக்கொண்டிருந்தது யோவான். அம்மா மடியில் இருந்தது எசேக்கியேல். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சொல்லாதே என்பதுபோல லேசாகத் தலையை அசைத்தாள். நான் சொல்லவில்லை. அன்றிலிருந்து கோயிலில் அவளுக்குப் பக்கம் எடுத்துக் கொடுப்பது என் வேலையாயிற்று. கொஞ்சம் வளர்ந்ததும் நான் ஆண்கள் பக்கம் உட்காரப் போய்விட்டேன். பிறகு அவளே சமாளித்துக்கொண்டாள். வீட்டில் ராத்திரி விளக்கு வைத்ததும் அவளுக்கு ஒரு அதிகாரம் வாசித்துக் காட்டுவது மட்டும் நிற்கவில்லை.

ஆசிரியர் பயிற்சி முடித்து 1980-இல் மிஷன் தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். அம்மாவுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அவளுக்கு அது திண்ணைதான். வீட்டுக்குள் நுழைய வேண்டியது பாக்கி. "வேலை இருக்கட்டும்ல. ஐயருக்கு எப்பம் எழுதிப்போடப் போற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். 1983-இல் எழுதிப்போட்டேன்.

எனக்கு ஒரு குறை உண்டு. என் வகுப்பில் படித்த உங்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். நாற்பது பிள்ளைகள் முன்னால் நாள் முழுக்கப் பேசுவேன். பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, நான் உயரத்தில் ஏறி நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தேர்வில் ஒரு சோதனைப் பிரசங்கம் உண்டு. பத்து நிமிடம். அதற்காக நான்கு நாள் பனங்காட்டுக்குள் போய் மரங்களுக்குப் பிரசங்கம் பண்ணிப் பழகினேன். அன்றைக்கு ஏறி நின்று வேதபகுதியை வாசித்தேன். 'பிரியமானவர்களே' என்று மூன்று முறை சொன்னேன். நான்காவது முறை அதுவும் வரவில்லை. அப்படியே நின்றேன்.

தேர்வுக் குழுவில் இருந்த ஒரு பெரியவர் வெளியே வந்து என் தோளில் கைவைத்துச் சொன்னார்: "தம்பி, உமக்கு வாஞ்சை இருக்கு, அதை நான் சந்தேகப்படலை. ஆனா உம்ம இடம் பிரசங்கபீடம் இல்லையோன்னு தோணுது. சின்னப் பிள்ளைகள் பக்கத்துல உக்காந்து நல்லாச் சொல்லிக் குடுப்பீராமே, அதை விட்டுராதேயும்."

அந்தப் பெரியவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்கோ, நீ வாத்தியார் வேலைக்குத்தான் லாயக்கு என்று சொல்லித் துரத்தியதுபோல் இருந்தது. 1986-இல் இன்னொரு முறை முயன்றேன். குழுவில் ஆட்கள் வேறு, முடிவு அதேதான். அன்று வீட்டுக்கு வந்தபோது அம்மா என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். அன்றோடு 'சின்ன ஐயரே' என்று கூப்பிடுவது நின்றுவிட்டது. பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள்.

யாரும் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அம்மா பண்ணிய பொருத்தனையை நான் கடனாக வைத்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன். எதையாவது செய்து அடைத்துவிட வேண்டுமென்று சபையில் இருந்த எல்லாக் கதவுகளையும் தட்டினேன். பாடகர் குழுவில் மூன்று மாதம் இருந்தேன். நடத்துநர் நல்ல மனிதர், கிறிஸ்துமஸ் கீதப் பவனி நெருங்கியபோது, "சார்வாள், நீங்க வாயை மட்டும் அசைச்சாப் போதும்" என்றார். கன்வென்ஷன் கூட்டங்களில் பாய் விரித்தேன். தெருப் பிரசங்கத்துக்குப் போய்க் கைப்பிரதி கொடுத்தேன். யாராவது நின்று கேள்வி கேட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கைகாட்டினேன். சங்கக் கணக்குப் பார்த்தேன். வருடக் கடைசியில் 40 ரூபாய் இடித்தது. என் பையிலிருந்து போட்டுச் சரிக்கட்டி, அந்தப் பொறுப்பையும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தேன். எதுவும் கெட்ட வேலை அல்ல. எல்லாவற்றையும் மனதாரச் செய்கிறவர்கள் இருந்தார்கள். நான் மட்டும் மற்றவர் சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்ததுபோல் இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. ஆசிரியர்கள் பலரையும்போல என்னையும் அதில் இழுத்துவிட்டார்கள். பள்ளி முடிந்து ராத்திரி தெருவிளக்கடியில் வகுப்பு. பெட்டி முடையும் பெண்களும் பனையேறிகளும் வருவார்கள். அதை நான் ஊழியம் என்று நினைக்கவே இல்லை. மேலிடத்து உத்தரவு, செய்தேன்.

ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் எங்கள் கோயில்குட்டி இருட்டுக்குள்ளிருந்து வந்தார். கோயிலில் மணியடித்து, விளக்கேற்றி, பாட்டு நம்பர் பலகை மாட்டுகிறவர். என்னைவிட முப்பது வயது மூத்தவர்.

"சார்வாள், உங்க வகுப்புக்கு நான் வந்தா நல்லாருக்காது. கோயில்குட்டிக்கு எழுத்து தெரியாதான்னு கேப்பாவ. முப்பது வருசமா பாட்டு நம்பர் மாட்டுதேன். நம்பர் தெரியும், பாட்டுதான் தெரியாது. சாவுறதுக்குள்ள ஒரே ஒரு தடவை கோயில்ல பாடம் வாசிச்சுரணும். முடியுமா?"

அவருக்குத் தனியாக வெஸ்திரி அறைத் தரையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். ட, ப, ம என்று பெரும்பாலும் நேர்கோட்டில் முடியும் எழுத்துகளில் தொடங்கினோம். அறுபது வயதைத் தாண்டிய விரலுக்கு வளைவு சீக்கிரம் வராது. வேதபுத்தகத் தமிழில் இன்னொரு கஷ்டம். நான்கைந்து சொற்கள் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக நீண்டு கிடக்கும். புதிதாகப் படிக்கிறவர் பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றுவிடுவார். அதற்காகப் பென்சிலால் சின்னச் சின்னக் கோடு போட்டு அந்தச் சொற்களைப் பிரித்துக் கொடுத்தேன். கோட்டுக்குக் கோடு நின்று நின்று வாசிப்பார். 14 மாதம் ஆயிற்று.

ஒரு புதன்கிழமை மாலை ஜெபத்தில் அவர் வாசித்தார். ஒன்பது பேர் இருந்தோம். 121-ஆம் சங்கீதம், எட்டே வசனம். ஆறு நிமிடத்துக்கு மேல் எடுத்தார். விரலை வைத்து வைத்து வாசித்தார், இரண்டு இடத்தில் வரி தப்பி மறுபடி மேலே போனார். ஒருவரும் அசையவில்லை. முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடாமல் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அங்கேதான், தம்பி, எனக்கு உறைத்தது. அந்த 14 மாதத்தில் ஒரு நாள்கூட என் நாக்கு ஒட்டவில்லை. அவர் பெரியவர்தான், கற்றுக்கொடுத்தது வேதம்தான். ஆனாலும் பயம் வரவில்லை. ஏனென்றால் நான் உயரத்தில் நிற்கவில்லை, தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பத்து வருடத்துக்கு முன் அந்தப் பெரியவர் என்னிடம் சொன்னதும் இதைத்தான். காது கேட்டது, மனது கேட்கவில்லை.

அதன்பின் அறிவொளி நின்றபோதும் நான் நிறுத்தவில்லை. புதனும் வெள்ளியும் எங்கள் வீட்டுத் திண்ணையில் வகுப்பு. எந்தச் சபையாக இருந்தாலும், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் வரலாம். பஸ் போர்டு வாசிக்க வந்தவர்கள் உண்டு. மகன் துபாயிலிருந்து எழுதிய கடிதத்தைத் தானே வாசிக்க வேண்டுமென்று வந்த ஒரு அக்கா உண்டு. வேதபுத்தகம் வாசிக்க வந்தவர்கள்தான் அதிகம். ஒரு நோட்டில் பேர் எழுதி வைத்திருக்கிறேன். இன்றுவரை 61 பேர்.

இத்தோடு நிறுத்தினால் இது நல்ல சாட்சி. ஆனால் உண்மை முழுவதும் அது அல்ல.

அந்தப் புதன்கிழமை ஒன்பது பேரில் அம்மாவும் ஒருத்தி. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசாமல் வந்தாள். பிறகு திண்ணையில் வகுப்பு நடக்கும்போதெல்லாம் கதவுக்கு உட்புறம் உட்கார்ந்து ஓலை கிழித்துக்கொண்டிருப்பாள். நான் ஒரு முறை, "நீயும் வாயேம்மா" என்றேன். "எனக்கு எதுக்குல? நீதான் வாசிச்சுக் காட்டுதியே" என்றாள். நானும் விட்டுவிட்டேன். சீக்கிரமாகவே விட்டுவிட்டேன். ராத்திரி அவளுக்கு வாசித்துக் காட்டுவது எனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமை எனக்குக் கண்ணை மறைத்தது. வாத்தியார் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது என்று ஊர் சொல்லிவிடுமோ என்று அவள் கூச்சப்பட்டாள் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

1999-இல் அவளுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆயிற்று. கட்டு அவிழ்த்து ஒரு மாதம் இருக்கும். ராத்திரி நான் அதிகாரத்தை முடித்துப் புத்தகத்தை மூடும்போது கேட்டாள்:

"கோயில்குட்டி படிச்சு வாசிச்சாருல்லா, அவருக்கு எத்தனை மாசம் ஆச்சு?"

"பதினாலு மாசம்மா."

"எனக்கு அம்புட்டு நாள் இருக்குமா?"

அவளுக்கு அப்போது எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த நாளே தொடங்கினோம். கதவைச் சாத்திவிட்டுத்தான் பாடம். கருப்பட்டி ஊற்றின கை, ஓலை கிழித்த கை, அந்தக் கையில் பென்சில் நிற்கவே இல்லை. முதலில் அவள் பேர். பிறகு ட, ப, ம. ஒரு நாள் சாயங்காலம் பாடம் தொடங்கும் நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டினார்கள். அம்மா உள்ளே இருந்தபடியே, "பெறவு வா தாயி. ஐயரு வந்திருக்காவ" என்றாள். அந்த அக்கா நிஜமாகவே ஐயர் வீடு சந்திக்க வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் போய்விட்டார்கள். நான் அடுப்பங்கரையில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தேன். சொம்பைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். 13 வருடம் கழித்துக் கேட்ட சொல்.

ஏழாவது மாதம் காய்ச்சலில் நான்கு நாள் படுத்தாள், போய்விட்டாள். எழுத்துகள் பெரும்பாலும் வந்திருந்தன. சேர்த்து வாசிக்க வரவில்லை. அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அவள் வேதபுத்தகத்தை எடுத்தேன். சங்கீதங்களில் 'கர்த்தர்' என்ற சொல் வருகிற இடங்களிலெல்லாம் அதன் கீழே ஒரு சின்னப் பென்சில் புள்ளி. முதலாம் சங்கீதத்திலிருந்து 34 வரை. பகலில் நான் பள்ளிக்குப் போனபின் தனியாக உட்கார்ந்து அந்த ஒரு சொல்லைத் தேடித் தேடிக் கண்டுபிடித்துப் புள்ளி வைத்திருக்கிறாள். சில இடங்களில் வேறு சொல்லுக்கும் வைத்திருந்தாள். திருத்த மனம் வரவில்லை.

நான் 1980-இல் வாத்தியார் ஆனேன். அந்த வருடமே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் 1982-இல் அவளே வாசித்திருப்பாள். 18 வருடம் தன் கண்ணால் தன் வேதத்தை வாசித்திருப்பாள். அவள் பொருத்தனையை நிறைவேற்றுகிறேன் என்று நான் எங்கெங்கோ மேடை தேடினேன். அவளோ தினம் ராத்திரி என் எதிரில், எழுத்துத் தெரியாமல், புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தக் கணக்கு எனக்கு இன்னும் நேராகவில்லை.

தம்பி, இதிலிருந்து நான் கற்றதை உனக்குச் சொல்கிறேன்.

மேடை எங்கே கிடைக்கும் என்று தேடினால் நம் பங்கு அகப்படுவதில்லை. உன் எதிரில் தினமும் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு என்ன தேவை, அதைக் கொடுக்க உன் கையில் என்ன இருக்கிறது என்று பார். தயங்கி நின்ற மோசேயிடம் ஆண்டவர் முதலில் கேட்டதே அவன் கையில் இருந்த கோலைப் பற்றித்தான். அது அவன் தினமும் ஆடு மேய்க்கப் பிடித்திருந்த கோல். தினமும் பிடிப்பதால்தான் நமக்கு அது கண்ணில் படுவதில்லை. எனக்கு அ ஆ சொல்லிக்கொடுப்பது பிழைப்பாகத் தெரிந்தது, ஊழியமாகத் தெரியவில்லை.

ரோமருக்கு எழுதின நிருபத்தைப் பவுல் எழுதினார் என்போம். 16-ஆம் அதிகாரத்தைப் பார். பவுல் சொல்லச் சொல்ல உட்கார்ந்து எழுதிய தெர்தியு அங்கே தன் பேரைச் சொல்லி வாழ்த்து அனுப்புகிறான். வேறெங்கும் அவன் பேர் இல்லை. ஆசரிப்புக் கூடார வேலைக்கு ஆண்டவர் பேர் சொல்லித் தெரிந்துகொண்ட பெசலெயேல் ஒரு கைவேலைக்காரன். பொன்னிலும் மரத்திலும் வேலை செய்யும் திறமைக்காகவே தேவ ஆவியால் நிரப்பப்பட்டதாக யாத்திராகமம் 31-இல் வாசிக்கிறோம்.

நம் ஊர்ப் பக்கத்து டோனாவூரை எடுத்துக்கொள். ஏமி கார்மைக்கேல் அம்மையார் ஊர் ஊராக மாட்டுவண்டியில் போய்ச் சுவிசேஷம் சொல்லத்தான் இங்கே வந்தார். 1901-இல் கோயிலுக்கு விடப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி அவரிடம் வந்தாள். பிறகு பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். ஊழியப் பயணத்தை விட்டுவிட்டுப் பிள்ளை வளர்ப்பதா என்று அவருக்கே குழப்பம் இருந்தது. கடைசியில் அந்தப் பிள்ளைகளே அவர் ஊழியம் ஆனார்கள். 1931-இல் விழுந்து அடிபட்டபின், 1951-இல் மரிக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்தான் இருந்தார். நடக்க முடியாதவர் எழுத்தை எடுத்துக்கொண்டார். பங்கு ஒரு தடவை கிடைத்தால் சாகும்வரை அதுவேதான் என்றும் இல்லை பார்.

அதற்காக, சார் ஊழியத்துக்குப் போகாதே என்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதே. அசரியா 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர். மற்றவர்களைப் போகச் சொல்லிக்கொண்டிருந்தவர், நானே ஏன் போகக்கூடாது என்ற கேள்வி வந்தபோது 1909-இல் இருந்த வேலையை விட்டுத் தோர்ணக்கல்லுக்குக் குடும்பத்தோடு போனார். தெலுங்கு படித்தார். அப்படிப் போக வேண்டியவர்கள் போகத்தான் வேண்டும். ஆனால் அங்கே அவர் செய்தது என்ன? எழுத்தறியாத ஏழை ஜனங்கள் ஞானஸ்நானம் பெறும்போது, தலையில் கைவைத்து, சுவிசேஷத்தைச் சொல்வது என்மேல் விழுந்த கடமை என்று ஒவ்வொருவரும் அறிக்கையிடும்படி பழக்கினார். அங்கி போட்டவருக்கு மட்டும் பங்கு உண்டு என்று அவர் நினைக்கவில்லை. அம்மாவுக்கு இந்தப் பாதிக் கதையை யாரும் சொல்லவில்லை. எனக்கும் வெகுநாள் கழித்துத்தான் தெரியும்.

ஆகவே உன்னிடம் சில கேள்விகள். பதில் எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள்.

உனக்கு அழைப்பு இருக்கிறது என்று சொல்கிறவர்கள் யார்? உன் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களா, உன்னோடு ஒரே வீட்டில் இருக்கிறவர்களா? இரண்டு பேர் சொல்வதும் வேண்டும். உன் மனைவியின் பயத்தை அவிசுவாசம் என்று தள்ளிவிடாதே. எதைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று உட்கார்ந்து கேள். நான் என் அம்மாவிடம் கேட்காமல் விட்டதை நீ அவளிடம் கேட்டுவிடு.

மேடை இல்லாத நாளில் உன்னிடம் ஆட்கள் எதற்காக வருகிறார்கள்? கடன் தொல்லையைச் சொல்லவா, பிள்ளையின் படிப்புக்கு யோசனை கேட்கவா, ஆஸ்பத்திரிக்குத் துணைக்குக் கூப்பிடவா? நீ விளம்பரம் பண்ணாமலே ஜனங்கள் எதற்கு உன் வீட்டு வாசலுக்கு வருகிறார்களோ, அங்கே கொஞ்சம் நின்று பார்.

வேலையை விடுவதற்கு முன், ஒரு வருடம், யாரும் பார்க்காத ஒரு சின்ன வேலையைச் சபையில் கேட்டு வாங்கிச் செய். கைதட்டு இல்லாமல் ஒரு வருடம் செய்தபிறகும் அந்த வாஞ்சை அப்படியே இருந்தால், நீயும் உன் மனைவியும் சேர்ந்து முழங்காலில் நில்லுங்கள். அப்போது போ என்று தோன்றினால் போ. முதல் காணிக்கை நான் அனுப்புகிறேன்.

ஒரு கதவு அடைத்தால் அடைத்தவரைப் பகைக்காதே. 2001-இல் அந்தத் தேர்வுக் குழுப் பெரியவரைத் தேடிப் போனேன், நன்றி சொல்ல. எண்பது வயதைத் தாண்டியிருந்தார். நான் முழுக்கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்தத் தேர்வு தம்பி? எனக்கு நினைவில்லையே" என்றார். 18 வருடம் நான் சுமந்துகொண்டு திரிந்த சொல்லை அவர் அன்றைக்கே மறந்துவிட்டார். இருவரும் சிரித்தோம். காப்பி கொடுத்து, ஜெபம் பண்ணி அனுப்பினார்.

மற்றப் பிள்ளைகளுக்கும் ஒன்று. உங்கள் வீட்டில் யாராவது பெரியவர், கண்ணாடி எடுக்க மறந்துட்டேன், நீயே வாசி என்று அடிக்கடி சொன்னால், ஒரு நாள் தனியாக, கூச்சப்படாத விதமாகக் கேட்டுப் பாருங்கள். கற்றுக்கொடுக்க என்ன செய்வது என்று தெரியாவிட்டால் எனக்குப் போன் பண்ணுங்கள். ட, ப, ம தான் ஆரம்பம். மற்றதைச் சொல்கிறேன்.

இன்று புதன்கிழமை. மணி ஐந்தரை ஆகிறது. இரண்டு பேர் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவருக்குச் செல்போனில் பேரனுக்குத் தமிழில் செய்தி அடிக்கப் பழக வேண்டுமாம். நான் போகிறேன்.

கர்த்தர் உங்கள் ஒவ்வொருவரையும் ஆசீர்வதிப்பாராக.

அன்புடன்,
உங்கள் மூன்றாம் வகுப்பு சார்